எல்லாம் வெள்ளைக் கட்டைதான், ஆனா வீடு வேற

போன வருஷ கல்ச்சுரல்ஸ்ல எங்க பேண்ட் பிரிலிம்ஸ்லயே வெளிய வந்துடுச்சு. நாலு பேர்: ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு சாக்ஸஃபோன், கீபோர்டுக்கு நான். எடுத்துக்கிட்ட பாட்டு மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்'. அதை ஏன் எடுத்தோம்னு கேட்டா, உண்மையான காரணம் சோம்பேறித்தனம். "டி டோரியன் ஸ்கேல்தான், வெள்ளைக் கட்டையை மட்டும் வாசிச்சா போதும்"னு ஒரு சீனியர் சொல்லியிருந்தார். நான் சின்ன வயசுலேர்ந்து சி மேஜர் ஸ்கேல் வாசிச்சு வாசிச்சுத் தேஞ்சவன். அதுவும் வெள்ளைக் கட்டைதான். அப்போ பிராக்டிஸே வேண்டாமேன்னு நினைச்சேன்.

வாசிச்சு முடிச்சதும் ஜட்ஜ் ஒருத்தர் சொன்னது: "தம்பி, நோட்ஸ் ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா நீங்க வாசிச்சது இந்தப் பாட்டு இல்ல." ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது எங்க பேஸ் பிளேயர் இன்னும் தெளிவாச் சொன்னான். "டேய், நான் டி-யில உக்காந்திருக்கேன். நீ ஒவ்வொரு லைன் முடியும்போதும் சி-க்கு ஓடிப் போயிடுற."

அந்த ஒரு வரி எனக்குப் புரிய ஒரு செமஸ்டர் ஆச்சு. புரிஞ்சதை இங்க எழுதுறேன். மியூசிக் தியரி தெரியாதவங்களும் படிக்கலாம். பக்கத்துல ஒரு கீபோர்டோ, ஃபோன்ல ஒரு பியானோ ஆப்போ இருந்தா நல்லது.

முதல்ல அளவு. பியானோவில் கறுப்பையும் சேர்த்து எண்ணினா, ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன். 12 செமிடோன் போனா அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும், அதிர்வெண் இரண்டு மடங்காகும். அதனால ஒவ்வொரு செமிடோனுக்கும் அதிர்வெண்ணை 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது சுமார் 1.0595-ஆல் பெருக்கணும். ஸ்கேல்னா இந்த 12-ல சிலதைத் தேர்ந்தெடுத்து, ஒண்ணை வீடுன்னு அறிவிக்கிறது. இந்த ரெண்டாவது பாதியைத்தான் நான் விட்டுட்டேன்.

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். முதல் வருஷம் சர்க்யூட்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? ஒரு நோடோட வோல்டேஜ் எவ்வளவுன்னு கேட்டா, "எதைப் பொறுத்து?"ன்னு திருப்பிக் கேட்கணும். கிரவுண்டை வேற நோடுக்கு மாத்தினா சர்க்யூட்ல ஒரு கம்பிகூட மாறாது, ஆனா மீட்டர்ல எல்லா எண்ணும் மாறிடும். ஸ்கேலும் அப்படித்தான். வெள்ளைக் கட்டைகளை சி-யை கிரவுண்டா வச்சு அளந்தா: சி 0, டி 2, இ 4, எஃப் 5, ஜி 7, ஏ 9, பி 11. இது மேஜர் ஸ்கேல், நம்ம சங்கராபரணத்தின் சுர வரிசை. இப்போ கிரவுண்டை டி-க்கு மாத்துங்க. எல்லாத்திலிருந்தும் 2 கழியும்: டி 0, இ 2, எஃப் 3, ஜி 5, ஏ 7, பி 9, சி 10. இதுதான் டி டோரியன். கட்டை ஒண்ணும் மாறல, தூரங்கள் மாறிடுச்சு. நம்ம காது கேக்கிறது கட்டையோட பேரை இல்ல, வீட்டிலிருந்து உள்ள தூரத்தை.

இதை நான் வீட்டுல வாசிச்சுக்கிட்டிருந்தப்போ சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, கரகரப்ரியா வாசிக்கிற?"ன்னு கேட்டாங்க. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டு கத்துக்கிட்டவங்க. 0, 2, 3, 5, 7, 9, 10 என்பதை ச, ரி2, க2, ம1, ப, த2, நி2ன்னு எழுதினா அது 22-ஆவது மேளகர்த்தா, கரகரப்ரியாவேதான். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமா வச்சுக்கிட்டா கரகரப்ரியா வரும்னு கர்நாடக சங்கீதத்துல சொல்ற கிரகபேதமும், நான் மேலே போட்ட கழித்தல் கணக்கும் ஒண்ணு. டி-யை நம்ம ஊர்ல ரெண்டு கட்டைன்னு சொல்வாங்க. அதனால டி டோரியன்னா, ரெண்டு கட்டை சுருதியில் கரகரப்ரியாவின் ஏழு சுரங்கள்.

ஆனா ஒரு எச்சரிக்கை. சுரங்கள் ஒண்ணுங்கறதால இசை ஒண்ணாயிடாது. கரகரப்ரியாவில் காந்தாரமும் நிஷாதமும் கமகத்தோட அசையும்; நேராக் குத்தி நிறுத்தினா அம்மாவுக்கு அது கரகரப்ரியாவே இல்ல. மைல்ஸ் டேவிஸோ பெரும்பாலும் சுரத்தை நேரா, அசைக்காம நிறுத்தி ஊதுவார். அதோட கர்நாடக சங்கீதத்துல அடியில கார்ட் கிடையாது, ஜாஸ்ல உண்டு. டோரியனோட சுபாவம் பாதிக்கு மேல அந்தக் கார்ட்லதான் தெரியும்.

கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த ஸ்கேலோட அடையாளச் சுரம் எதுன்னு பார்த்துடலாம். டி-யிலிருந்து எஃப் 3 செமிடோன், அதாவது மைனர் தேர்ட். அதனால டோரியன் மைனர் குடும்பம். கொஞ்சம் சோகச் சாயல் இருக்கும். ஆனா வழக்கமான நேச்சுரல் மைனர் ஸ்கேல்ல, நம்ம நடபைரவியில, ஆறாவது சுரம் 8-ல இருக்கும். டி-யிலிருந்து 8 போனா கறுப்புக் கட்டையான பி ஃபிளாட். டோரியன்ல அது 9, வெள்ளைக் கட்டையான பி. மத்த ஆறு சுரமும் அச்சு அசல் ஒண்ணு. ஒரே ஒரு சுரம், ஒரே ஒரு செமிடோன்தான் வித்தியாசம். வாசிச்சுப் பாருங்க: டி, எஃப், ஏ மூணையும் இடது கையில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வலது கையில முதல்ல பி ஃபிளாட், அப்புறம் பி. முதலாவதுல ஒரு கனம் இருக்கும், யாரோ தோளை அழுத்துற மாதிரி. ரெண்டாவதுல சோகம் அப்படியே இருக்கும், ஆனா ஜன்னல் திறந்திருக்கும்.

ஏன் இப்படி? ஒரு பகுதி இயற்பியல். ஏ 440 ஹெர்ட்ஸ். அதுக்கு மேல உள்ள பி ஃபிளாட் 466.16. ரெண்டும் சேர்ந்து ஒலிச்சா வினாடிக்கு 26 தடவை ஒலி ஏறி இறங்கும். காதுக்கு அது கரகரப்பா விழும். பி 493.88, வித்தியாசம் 54 ஹெர்ட்ஸ், கரகரப்பு நல்லாவே குறையும். டி மைனர் கார்டுல ஏ இருக்கிறதால, பி ஃபிளாட் எப்பவும் அதை உரசும், பி அவ்வளவா உரசாது. மீதிப் பகுதி பழக்கம், நாம கேட்டு வளர்ந்த பாட்டுகள். அதைக் கணக்குல எழுத முடியாது.

இன்னொரு விஷயம், யூஸ் ஒண்ணும் இல்ல, ஆனா எனக்குப் பிடிச்சது. டோரியன்ல அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவுல உள்ள தூரத்தை எழுதுங்க: 2, 1, 2, 2, 2, 1, 2. பின்னாடியிலிருந்து படிச்சாலும் அதேதான், பாலிண்ட்ரோம். சி மேஜருக்கு 2, 2, 1, 2, 2, 2, 1, திருப்பினா மாறிடும். டோரியன்ல மட்டும் ஏறும்போது கிடைக்கிற தூரங்கள் இறங்கும்போதும் அதே வரிசையில கிடைக்கும். கீபோர்டுல டி கட்டை மேல ஒரு கண்ணாடியை நிறுத்தினா, வலது பக்கக் கறுப்பு வெள்ளை வரிசைதான் இடது பக்கமும். இத்தனை வருஷம் கீபோர்டு முன்னாடி உக்காந்தும் இதை நான் கவனிச்சதே இல்ல.

சரி, கார்ட். ஸ்கேல்ல ஒரு சுரத்தை எடுத்து, ஒண்ணு விட்டு ஒண்ணா மேலே அடுக்கினா கார்ட் வரும். டி-யிலிருந்து டி, எஃப், ஏ: டி மைனர். இன்னொண்ணு சேர்த்து சி: டி மைனர் செவன்த். ஜாஸ்காரங்க இதோட நிறுத்த மாட்டாங்க. இ, ஜி, பின்னு ஏழு சுரமும் தீரும்வரை அடுக்குவாங்க. அதுக்கு டி மைனர் தர்ட்டீன்த்னு பேர். இங்கதான் டோரியனோட தனி வசதி. ஒரு கார்டுல உள்ள சுரத்துக்கு ஒரே ஒரு செமிடோன் மேல ஸ்கேல்ல இன்னொரு சுரம் இருந்தா, அதை அந்தக் கார்ட் மேல ரொம்ப நேரம் நிறுத்த முடியாது, இடிக்கும். சி மேஜர்ல சி கார்ட் பிடிச்சுக்கிட்டு எஃப் சுரத்துல நின்னு பாருங்க: கீழ இருக்கிற இ-யோட இடிக்கும். நடபைரவி வரிசையில ஏ-யோட பி ஃபிளாட் இடிக்கும். டோரியன்ல டி, எஃப், ஏ, சி நாலுக்கும் ஒரு செமிடோன் மேல எதுவுமே இல்ல. அதனால எந்தச் சுரத்துல வேணும்னாலும் நிக்கலாம், அவசரமில்ல. ரொம்ப நேரம் ஒரே கார்ட் மேல சுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல ஸ்கேல் கஷ்டம்.

மைல்ஸ் டேவிஸ் அந்தச் சமயம் அதைத்தான் தேடிக்கிட்டிருந்தார். 1940-களிலிருந்து ஜாஸ்ல கார்டுகள் மழை மாதிரி மாறும், வாசிக்கிறவர் ஒவ்வொரு கார்டுக்கும் பின்னாடி ஓடணும். அந்த ஓட்டத்தோட உச்சம்னா ஜான் கோல்ட்ரேன் 1959 மே மாசம் பதிவு பண்ணின 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்': 16 பார்ல 26 கார்ட். அதே கோல்ட்ரேன் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1959 மார்ச் 2 அன்னிக்கு, நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-ஆவது தெரு ஸ்டுடியோவில் மைல்ஸ் டேவிஸோட 'ஸோ வாட்' வாசிச்சார். அதுல 32 பாருக்கு ரெண்டே ரெண்டு ஸ்கேல். முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் இ ஃபிளாட் டோரியன், கடைசி 8 பார் மறுபடி டி. ஒரே ஆளு, ஒரே வருஷம், ரெண்டு துருவம்.

இ ஃபிளாட்னா ரெண்டரைக் கட்டை. அதாவது நடுவுல எட்டு பாருக்கு ஆதார சுருதியே அரைக் கட்டை ஏறிடுது, மத்தது எல்லாம் அப்படியே. அம்மாகிட்ட இதைப் போட்டுக் காட்டினப்போ அந்த இடம் வந்ததும் முகம் சுளிச்சாங்க. எட்டு பார் முடிஞ்சு டி-க்குத் திரும்பினதும் "அப்பாடா"ன்னாங்க. அந்த அப்பாடாதான் பாட்டோட கட்டமைப்பு. வேற கார்ட் ஓட்டம் எதுவும் இல்லாததால, இந்த ஒரு ஏற்றமும் இறக்கமும்தான் கதை.

இந்தப் பாட்டுல மெலடியை வாசிக்கிறது டிரம்பெட் இல்ல, பேஸ். பால் சேம்பர்ஸ் ஒரு வரி கேள்வி மாதிரி வாசிப்பார், மத்தவங்க ரெண்டு கார்ட்ல பதில் சொல்வாங்க. அந்த ரெண்டு கார்டைக் கட்டாயம் வாசிச்சுப் பாருங்க. முதலாவது கீழேருந்து மேல: இ, ஏ, டி, ஜி, பி. ரெண்டாவது: டி, ஜி, சி, எஃப், ஏ. நான் மேல சொன்ன ஒண்ணு விட்டு ஒண்ணு அடுக்கு இல்ல இது. கீழேருந்து 5, 5, 5 செமிடோன், கடைசியில மட்டும் 4. ஃபோர்த்தை அடுக்கி மேல ஒரு மேஜர் தேர்ட் வச்சது. பியானோவில் பில் எவான்ஸ். இன்னிக்கு உலகம் பூரா இந்த அமைப்புக்கே 'ஸோ வாட் கார்ட்'னுதான் பேர்.

எண்ணிப் பாருங்க, அஞ்சு விரலும் சரியா 2 செமிடோன் இறங்குது, எல்லாம் ஒரே அளவு. ரெண்டு கார்டையும் கூட்டினா ஏழு சுரமும் வந்துடும், ஒண்ணும் மிச்சமில்ல. முதல் கார்டோட உச்சியில இருக்கிறது எது? பி. டோரியனோட அடையாளச் சுரம்னு சொன்னேனே, அதேதான். அது ரெண்டாவது கார்டுல ஏ-க்கு இறங்கி உக்காருது. முழு ஸ்கேலோட சுபாவத்தையும் ரெண்டு கார்டுல சொல்லி முடிச்சுட்டாங்க. நான் பிரிலிம்ஸ்ல அந்த ரெண்டையும் சரியாத்தான் வாசிச்சேன், அது என்ன சொல்லுதுன்னு தெரியாம.

இப்போ என் தப்புக்கு வர்றேன். டோரியன்ல ஒரு பொறி இருக்கு. எஃப்-க்கும் பி-க்கும் தூரம் 6 செமிடோன், ஆக்டேவில் சரிபாதி, டிரைடோன். அதிர்வெண் விகிதம் 2-இன் வர்க்கமூலம். காது இதைக் கேட்டா நிலையில்லாம உணரும், எங்கேயாவது போய் இறங்கணும்னு துடிக்கும். எங்க இறங்கும்? பி ஒரு செமிடோன் ஏறி சி, எஃப் ஒரு செமிடோன் இறங்கி இ. ரெண்டும் சேர்ந்தா சி மேஜர். ஜி செவன்த் கார்ட் சி-க்குப் போறதுக்குப் பின்னாடி இருக்கிற இழுப்பு இதுதான். அந்தக் கார்டுல எஃப், பி ரெண்டும் இருக்கு. பத்து வருஷமா சி மேஜர்ல ஊறின என் விரல், எஃப்-பையும் பி-யையும் பக்கத்துல பக்கத்துல பார்த்ததும் தன்னால சி-யில போய் இறங்கிச்சு. பேஸ் கீழ டி-ன்னு சொல்லுது, நான் மேல சி-ன்னு முடிக்கிறேன். ரெண்டு பேரும் வேற வேற கிரவுண்டை வச்சு அளந்துக்கிட்டிருந்தோம். ஜட்ஜ் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச மருந்து நம்ம ஊர் மருந்து: தம்புரா ஆப். ரெண்டு கட்டையில ச-ப-ச ஓட விட்டேன். கீபோர்டுல இடது கை கிடையாது, கார்ட் கிடையாது. வலது கையில வெள்ளைக் கட்டை மட்டும், ஒவ்வொரு வரியும் டி, எஃப், ஏ மூணுல ஒண்ணுல முடியணும். சி-யில முடிச்சா ரூம்மேட்டுக்கு ஒரு டீ. முதல் வாரம் நிறைய டீ வாங்கிக் கொடுத்தேன். ரெண்டாவது வாரத்துலதான் சி-யோட குணம் மாறிச்சு. அது வீடா இல்லாம, வீட்டுக்கு ஒரு படி கீழ இருக்கிற திண்ணை மாதிரி ஆச்சு. உக்காரலாம், ஆனா உள்ள போகணும். அப்புறம் பி-யை மட்டும் வச்சு விளையாடினேன்: நீளமா நிறுத்தி, சி-க்கு ஏத்தாம ஏ-க்கு இறக்குறது. அந்த ரெண்டு கார்ட் சொல்லிக் கொடுத்ததும் அதையேதான்.

தம்புரா வச்சப்போ இன்னொரு வேடிக்கை. அந்தப் பழைய ரெக்கார்டோட சேர்த்து வாசிச்சுப் பழகினவங்க பலர் ஒரு காலத்துல குழம்பிப் போயிருக்காங்க. பதிவு நடந்த அன்னிக்கு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடின டேப்பைச் சரியான வேகத்துல போட்டா சுருதி ஏறும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கத்துல உள்ள மூணு பாட்டும், 'ஸோ வாட்' உள்பட, 1959 ஆகஸ்ட்ல வெளியானதுலேர்ந்து 1990-கள்ல சரி பண்ற வரைக்கும் சுருதி ஏறித்தான் வித்துச்சு. உலகத்துல அதிகம் வித்த ஜாஸ் ஆல்பங்கள்ல ஒண்ணு அது. மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோல் லேபை போர்னு சொல்றவங்க கவனத்துக்கு.

ஸ்கேல் பிடிபட்ட பிறகு எங்களுக்கு வந்த புதுப் பிரச்சினை எண்ணிக்கை. பாட்டோட அமைப்பு திரும்பத் திரும்பச் சுத்தும். கடைசி 8 பார் டி, உடனே அடுத்த சுத்துல முதல் 16 பாரும் டி. ஆக ரெண்டு ஏற்றத்துக்கு நடுவுல தொடர்ந்து 24 பார் ஒரே ஸ்கேல். கார்ட் மாறிக்கிட்டே இருக்கிற பாட்டுல, எங்க இருக்கோம்னு கார்டே சொல்லிடும். இதுல ஒரு அடையாளமும் கிடையாது. சோலோவில் கொஞ்சம் மெய்மறந்தா 24 எப்போ முடிஞ்சுதுன்னு தெரியாது, எல்லாரும் ரெண்டரைக் கட்டைக்கு ஏறியிருப்பாங்க, நீங்க மட்டும் ரெண்டு கட்டையில நிப்பீங்க. அரைக் கட்டை தள்ளி நிக்கிறதைவிட அசிங்கமான சத்தம் கிடையாது. இப்போதைக்கு எங்க ஏற்பாடு: எட்டு எட்டா எண்ணுறது டிரம்மர் பொறுப்பு, ஒவ்வொரு எட்டு முடிவுலயும் ஸ்நேர்ல ஒரு சின்ன தட்டு, மூணாவது தட்டு மட்டும் கொஞ்சம் பலமா.

அடுத்த மாசம் ஃபேர்வெல்ல அதே பாட்டைத்தான் வாசிக்கப் போறோம். ஆடிட்டோரியத்துல, ஏழாவது ஐட்டம். முன் வரிசையில உக்கார்றவங்க நான் எந்த நோட்ல முடிக்கிறேன்னு கேட்டுச் சொல்லுங்க. சி-யில முடிச்சா கேன்டீன்ல டீ என் கணக்கு.